பூட்டுக்கும் ஒரு தடை



நன்னூலார் கூறும் தகுதி வழக்குகளுள் ஒன்று குழூஉக்குறி என்பதை நம் ஸ்ட்ரெதம் வகுப்பிற் படித்தோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். பிறர்க்கு அது விளங்காது. மறைத்துப் பேசும் இத்தேவையைக் கணினியில் நிறைவேற்றுவதே மறைகுறியாக்கம் ஆகும்.

செய்தியைக் கலைத்து அனுப்புகிறோம். திறவுகோல் உடையவரே அதனை மீட்டுப் படிக்கலாம். திறவுகோல் என்பது ஓர் எண். அதன் நீளத்தைப் 'பிட்' என்னும் அலகால் அளப்பர். ஒரு பிட் கூடினால், அமையக்கூடிய திறவுகோல்களின் தொகை இரட்டிக்கும். 40 பிட் எனில் ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி. பெருந்தொகைதான், ஆயினும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கணினிக்கு அலுப்பில்லை.

1990களில் அமெரிக்கா வலிய மறைகுறி மென்பொருளைப் படைக்கலப் பட்டியலில் வைத்திருந்தது. உரிமம் இன்றி அதனை ஏற்றுமதி செய்தல் குற்றம். பகைவர் கையில் அது சேர்ந்தால் உளவறிய இயலாது என்பது அரசின் வாதம். ஆகவே நெற்ஸ்கேப் உலாவி அமெரிக்காவில் 128 பிட்டிலும், பிறநாடுகளுக்கு 40 பிட்டிலும் வழங்கப்பட்டது. 1995 ஆகஸ்டில் பிரெஞ்சு ஆய்வாளர் ஒருவர், நூற்றுக்கு மேற்பட்ட கணினிகளைக் கொண்டு அந்த 40 பிட் பூட்டை எட்டு நாள்களில் திறந்து காட்டினார்.

பில் சிம்மர்மான் என்பவர் 1991இல் பி.ஜி.பி. என்னும் மறைகுறி மென்பொருளை எழுதி இலவசமாக வழங்கினார். அது நாடு கடந்தமையால் 1993 முதல் அவர்மீது விசாரணை நடந்தது. 1996 சனவரியில் குற்றம் சாட்டப்படாமலே கைவிடப்பட்டது. இதற்கிடையில், 1995இல், எம்.ஐ.டி. பதிப்பகம் அதன் நிரல் முழுவதையும் நூலாக அச்சிட்டது. வட்டில் இருந்தால் படைக்கலம். தாளில் இருந்தால் நூல்! நூலுக்குத் தடை இல்லை. 2000 சனவரியில் அமெரிக்கா இக்கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்திற்று.

இவற்றை நான் படித்தபோது யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. நான் மாணவனாயிருந்த 1990களில் அங்கு பொருளாதாரத் தடை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்; அதற்கும் பாதுகாப்பே காரணமாகக் கூறப்பட்டது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். வெளிநாட்டிலிருந்து அண்ணர் எழுதிய கடிதங்கள் பிரித்து ஒட்டப்பட்டே வந்து சேர்ந்தன. அதனால் அம்மா தம் பதிலில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் எதுவும் எழுதியதில்லை. சொல்ல வேண்டியவை அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டன.

பிள்ளைகளே, இன்று நீங்கள் அப்பம்மாவுடன் வாட்ஸ்அப்பிற் பேசுகிறீர்கள். 2016 முதல் அவ்வுரையாடல் இரு முனைகளிலும் பூட்டப்பட்டுள்ளது. தீயோரும் அப்பூட்டைப் பயன்படுத்துவர் என்ற அரசுகளின் கவலை பொய்யன்று. ஆயினும் பூட்டில்லாத வீட்டில் முதலில் அஞ்சுபவர் எளியவரே என்பதையும் மறவாதீர்கள்.

பயிற்சி

1. 41 பிட்டில் எத்தனை திறவுகோல்கள் அமையும்?

2. உங்கள் பெற்றோர் கடிதத்தில் எழுத அஞ்சிய செய்தி ஒன்றைக் கேட்டறிந்து, ஐந்து வாக்கியங்களில் எழுதுக.