மருந்தும் உணவும்: காசநோயாளருக்குரிய உதவிப் பணம் பற்றி ஒரு பாடம்

க்ஷயரோகம் என்று நம் முன்னோர் அஞ்சிய காசநோய்க்கு இன்று மருந்து உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அங்ஙனமிருந்தும் சிலர் சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுவதேன்? இதற்கு விடை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இல்லை. வீட்டு அடுப்பில் இருக்கிறது. செல்லூரிலோ கைத்தறி நகரிலோ தறியில் உட்காராத நாளுக்கு நெசவாளருக்குக் கூலி இல்லை. மேலூர், வாடிப்பட்டிப் பகுதியில் நடவுக் காலத்தில் படுத்துவிட்ட சிறு விவசாயிக்கு அந்தப் போகமே கைநழுவிவிடும். சிகிச்சையோ சாதாரணமாக ஆறு மாதம். அதுவரை குடும்பம் எதைக் கொண்டு ஜீவிப்பது?

வீடே மருத்துவமனை

முற்காலத்தில் இந்நோயாளரை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்தே சிகிச்சை செய்தனர். 1956-ல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம் இரு பிரிவினரை ஒப்பிட்டது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர் நெருக்கமான ஏழை வீடுகளிலேயே இருந்து மருந்துண்டனர். பலன் ஏறக்குறைய சமமாகவே இருந்ததென்று 1959-ல் அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது இதுவே. ஆனால் சிகிச்சை வீட்டுக்கு வந்தபோது அதன் செலவில் ஒரு பகுதியும் வீட்டுக்கு வந்தது.

உணவின் அவசியத்தைப் பிற்கால ஆராய்ச்சி மேலும் தெளிவாக்கியது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் அளித்துப் பார்த்தனர். முதல் இரு மாதங்களில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் சுமார் 61 சதவீதம் குறைவாக இருந்தது. ஊட்டம் பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாக நோய் காண்பதும் ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது.

கிடைக்கக்கூடிய பணம்

மத்திய அரசாங்கத்தின் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் மாதம் ரூ. 500 என்று தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அது ரூ. 1,000 ஆயிற்று. ஆறு மாதச் சிகிச்சைக்கு ரூ. 6,000, முதல் ரூ. 3,000 நோய் பதிவானவுடனும், மற்ற ரூ. 3,000 எண்பத்து நான்கு நாள் சிகிச்சை முடிந்த பின்னும் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோரும், அவர் நோயைப் பதிவு செய்திருப்பின், இதற்கு உரியவரே.

விவசாய அங்கத்தினர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 2011-ல் ஏற்பட்ட உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் காசநோய், புற்றுநோய் முதலியவற்றால் உழைக்க இயலாத காலத்துக்கு மாத உதவி உண்டு. இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைக்கு மேற்படாத சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளரும் இதில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரை அணுகுக.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தை இவற்றோடு குழப்பிக்கொள்ளலாகாது. காப்பீட்டுப் பணம் ஆஸ்பத்திரிக்குச் செல்வது. உதவிப் பணம் வீட்டுக்கு வருவது.

சங்கம் செய்யத்தக்கவை

நாள் ஒன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய் கூலிக்கு ஈடாகாது. ஆயினும் அது முட்டையாகவும் பருப்பாகவும் பாலாகவும் மாறும். அதுவும் காலத்தில் வராவிடில் பயனில்லை. நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில் ஓர் அங்கத்தினர்க்கு நான்கு மாதமாகியும் ஒரு காசும் வந்திருக்கவில்லை. நெடுநாள் வரவு செலவின்றி அவருடைய கணக்கு முடங்கிக் கிடந்ததே காரணம். அதற்குள் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தறிக்குத் திரும்பியிருந்தார். இவ்வாறு நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறக்கூடும். ஆகவே:

1. அங்கத்தினர் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கும் நடப்பில் உள்ளதா, ஆதாருடன் இணைந்துள்ளதா என்பதை ஆண்டுக்கொருமுறை பார்த்துவிடுக. நோய் வந்த பின் பார்ப்பது தாமதம்.

2. நோயைக் காரணமாக்கிப் பாவு கொடுப்பதை நிறுத்தாதீர்கள். முறையாக மருந்துண்டால் சில வாரங்களில் தொற்று பெரிதும் அடங்கிவிடும். வேலை போய்விடும் என்ற அச்சமே நோயை மறைக்கச் செய்கிறது. விஷயத்தை அறிந்த காரியதரிசி அதைப் பிறரிடம் பேசாதிருப்பதும் கடமையே.

3. பயிர்க் கடனைத் தவணையில் செலுத்தினால்தான் வட்டியில்லை. நோயுற்றவரின் தவணை நாளைச் சங்கம் முன்கூட்டியே நினைவூட்டுக.

4. துணைவிதிகள் இடந்தருமாயின், அரசாங்கப் பணம் வரும்வரை பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகை அளிக்க நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க

அ. சென்ற மூன்றாண்டுகளில் நோயினால் தவணை தவறிய நம் அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களில் உதவிப் பணம் பெற்றவர் எத்தனை பேர்?

ஆ. நோயுற்ற அங்கத்தினர் தயக்கமின்றி வந்து சொல்லத்தக்கவர் நம் சங்கத்தில் யார்?

இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காத சங்கம் அடுத்த கூட்டத்திலேயே ஒருவரைக் குறிப்பிட்டு நியமிப்பது நலம்.