பட்டியலை மூடிவிட்டு வாசித்துப் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. ப்ளக்-இன் பெயர்கள், பக்கத்திலேயே விலை, எத்தனை ஜிபி என்ற கணக்கு. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் பாட்டுக்கு எந்த வாத்தியம் வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். 'எலெக்ட்ரிக் பியானோ' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயருக்குள் குணத்தில் ஒட்டாத இரண்டு மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகு.

ரோட்ஸிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது ஹெரால்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்கப் பியானோ ஆசிரியர், காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த வீரர்கள் மடியில் வைத்து வாசிக்கட்டும் என்று, விமானங்களிலிருந்து கழித்த அலுமினியக் குழாய்களைக் கொண்டு ஒரு குட்டிப் பியானோ செய்தார். அதுதான் ஆரம்பம். பிறகு ஃபெண்டர் கம்பெனியோடு சேர்ந்தார். 1965-இல் ஃபெண்டரை சிபிஎஸ் வாங்கிய பிறகு, 73 கட்டைகள் கொண்ட ஃபெண்டர் ரோட்ஸ் விற்பனைக்கு வந்தது. இதற்குள் தந்தி கிடையாது. கட்டையை அழுத்தினால் சுத்தி எழும்பி 'டைன்' என்கிற மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். டைனோடு ஒரு கனத்த உலோகப் பட்டை பிணைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால், ஒரு கை ஒல்லியாகவும் மறு கை தடியாகவும் உள்ள இசைக்கவை. டைன் நுனிக்கு எதிரே கிட்டார் பிக்கப் மாதிரி ஒரு காந்தச் சுருள். நுனி அந்தச் சுருளின் நேர் நடுவில் நின்றால் மேல் ஸ்தாயி தூக்கலாகக் கேட்கும். சற்றே விலக்கினால் அடிப்படைச் சுருதி உருண்டு திரண்டு வரும். சுருளை நெருக்கி வைத்துவிட்டு ஓங்கி அடித்தால் ஒரு உறுமல் எழும். மெதுவாகத் தட்டினால் மணி, ஓங்கித் தட்டினால் உறுமல் என்ற இந்த இரட்டைக் குணத்துக்காகத்தான் ஹெர்பி ஹான்காக்கிலிருந்து பில்லி ஜோயல் வரை எல்லோரும் இதைத் தேடிப் போனார்கள்.

வர்லிட்ஸர் வேறு சாதி. அதில் சுத்தி தட்டுவது ஒரு தட்டையான எஃகு ரீடை. ஆர்மோனியத்தில் ரீடு காற்றில் துடிக்கும், இதில் அடி வாங்கித் துடிக்கும். பிக்கப்பும் காந்தம் இல்லை. ரீடுக்கும் அதைச் சூழ்ந்த தகட்டுக்கும் நடுவே மின்னழுத்தம் கொடுத்திருப்பார்கள். ரீடு ஆட ஆட அவற்றுக்கிடையே உள்ள மின்தேக்கம் மாறும், அந்த மாற்றமே ஒலியாகிறது. ரீடின் நுனியில் ஒரு சொட்டு ஈயப்பற்று வைத்துச் சுருதி சேர்ப்பார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறோமே, அதே கணக்கு: எடை கூடினால் சுருதி இறங்கும், சுரண்டினால் ஏறும். கட்டைகள் 64தான். ரோட்ஸைவிடக் கரகரப்பு அதிகம், ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ரே சார்ல்ஸ் 1959-இல் பதிவு செய்த 'வாட்'ட் ஐ சே' பாட்டின் தொடக்கத்தைக் கேள். சூப்பர்ட்ராம்ப் குழுவின் 'தி லாஜிக்கல் சாங்' கேள். அந்த நறுக்கென்ற அடியை ரோட்ஸால் தர முடியாது.

ஹோனர் பியானெட்டும் உண்டு. சுத்தியே இல்லாமல், ரீடில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு வில்லை பிய்த்துக்கொண்டு விடுபடும்போது எழும் ஒலி. 1964-இல் ஸோம்பீஸ் குழுவின் 'ஷீ'ஸ் நாட் தேர்' பாட்டில் அதைக் கேட்கலாம். இப்போதைக்கு உனக்கு அது தேவைப்படாது. யமஹா டிஎக்ஸ்7-இல் வரும் கண்ணாடி மணி போன்ற 80-களின் 'எலெக்ட்ரிக் பியானோ' முழுக்க முழுக்க எண்களால் செய்த ஒலி. அது வேண்டுமென்றால் காசே செலவழிக்க வேண்டாம், டெக்ஸ்டு என்ற இலவச ப்ளக்-இன் போதும்.

நீ எழுதிக்கொண்டிருப்பது நிதானமான பாட்டு. வீணை ஒரு பக்கம், பெண் குரல் நடுவில். வீணையின் மீட்டே நறுக்கென்று இருக்கும். அதோடு மோதாத, பின்னால் படர்ந்து நிற்கிற ஒலி வேண்டும். எனவே ரோட்ஸ். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி மென்பொருள். இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று சாம்பிள்: நிஜமான ஒரு ரோட்ஸை ஸ்டூடியோவில் வைத்து, ஒவ்வொரு கட்டையையும் பல அழுத்தங்களில் அடித்துப் பதிவு செய்து அடுக்கி வைப்பது. ஸ்பெக்ட்ரசானிக்ஸின் கீஸ்கேப் அப்படிப்பட்டது. முழுதாக நிறுவினால் 77 ஜிபி. இன்னொன்று மாடலிங்: சுத்தி எப்படிப் பட்டது, டைன் எவ்வளவு வளைந்தது, பிக்கப்புக்கு எவ்வளவு அருகே போனது என்று அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குவது. மான்ட்ரியலில் உள்ள ஏஏஎஸ் நிறுவனத்தின் லவுஞ்ச் லிஸார்டும், துலூஸில் உள்ள மோதார்ட்டின் பியானோடெக்கும் அந்த வகை. அதில் பதிவான ஒலி எதுவும் இல்லாததால் ஜிபி பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஜிபியை வைத்துத் தரத்தை அளக்காதே. உன் லேப்டாப் பழசு என்று உன் அப்பா சொன்னான். புதுசு வாங்கும்வரை மாடலிங் பக்கமே பார்ப்பது நல்லது, டிஸ்கிலாவது இடம் மிஞ்சும்.

எதுவாக இருந்தாலும் விலையைப் பார்க்குமுன் டெமோவை இறக்கி, நான் சொல்கிறபடி சோதி. நடு ஸ்தாயியில் ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொள். கேட்கவே கேட்காத அளவுக்கு மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டி, கடைசியில் ஓங்கி அடி. மணியிலிருந்து உறுமலுக்குப் போகிற அந்த வழி முழுக்கக் காது கொடு. மிடியில் அழுத்தம் 1 முதல் 127 வரை. சாம்பிள் வகையில் பதிவுகள் எட்டே அடுக்கு என்றால், ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய பதினாறு படிகளைச் சுமக்கிறது. அடுக்கு மாறும் இடத்தில் நிறம் சட்டென்று குதிக்கிறதா பார். குதித்தால், நிதானமான பாட்டில் அது கட்டாயம் காட்டிக் கொடுத்துவிடும். வேகமான ஃபங்க் வாசிப்பில் யாரும் கவனிக்கமாட்டார்கள். அடுத்து அதே கட்டையை ஒரே அழுத்தத்தில் திரும்பத் திரும்பத் தட்டு. ஒவ்வொரு தடவையும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே கேட்டால் அது உயிரில்லாத ப்ளக்-இன். நிஜ இயந்திரத்தில் முந்தைய அடியின் அதிர்வு இன்னும் டைனில் மிச்சமிருக்கும். அதன்மேல் விழும் அடுத்த அடி வேறு மாதிரிதான் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. ப்ளக்-இன் மோசம் என்று முடிவு கட்டுமுன் உன் கீபோர்டைச் சந்தேகப்படு. கனமில்லாத ஸ்பிரிங் கட்டைகளில் விரல் தன்னை அறியாமல் ஓங்கியே அடிக்கும். எல்லா அடியும் 100-க்கு மேல் பதிவாகும், ரோட்ஸ் உறுமிக்கொண்டே இருக்கும், நீயும் 'இது கரடுமுரடாக இருக்கிறது' என்று இன்னொன்றை வாங்கப் போவாய். ப்ளக்-இன்னில் வெலாசிட்டி கர்வ் என்று ஒரு கோடு இருக்கும். உன் சாதாரண வாசிப்பு 60-க்கும் 80-க்கும் நடுவே விழும்படி அதை வளைத்துவிட்டுப் பிறகு மறுபடி சோதி. பாதி ப்ளக்-இன்களின் மானம் அதிலேயே திரும்பிவிடும்.

டெமோவில் மயக்குவது பெரும்பாலும் எஃபெக்ட்தான். ஃபேஸர், கோரஸ், எக்கோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மொட்டையாகக் கேள். ஒன்றை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். ரோட்ஸ் சூட்கேஸ் மாடலில் 'வைப்ராட்டோ' என்று எழுதிய குமிழ் உண்டு. எழுத்து அப்படியே தவிர, அது சுருதியை ஆட்டாது. ஒலியை இடமும் வலமுமாக ஊஞ்சலாட்டும். நல்ல ப்ளக்-இன்னில் அந்த ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும், மோசமானதில் வெட்டி வெட்டிப் போகும். ஆனால் உன் பாட்டில் வீணை ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பதால் ஊஞ்சலை ரொம்ப விரிக்காதே. மோனோவில் ஒருமுறை கேட்டு, பியானோ காணாமல் போகிறதா என்றும் பார். பாதிப் பேர் போன் ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள்.

கட்டையை விடும்போது வரும் 'டொக்' சத்தம், மின் இரைச்சல், சுருதி லேசாகக் கலைந்த பழமை இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குமிழ் இருக்கும். பியானோ மட்டும் ஒலிக்கும் முன்னிசையில் கொஞ்சம் ஏற்றிக்கொள். குரல் நுழைந்ததும் இறக்கிவிடு. கம்ப்ரஸர் போட்டால் அந்த 'டொக்' குரலுக்கு மேலே ஏறி உட்காரும். சுருதிக் கலைவை வீணையோடு சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் சுத்தமாக அணை.

வாசிக்கும்போது பஃபரை 128 சாம்பிளில் வை. 48 கிலோஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு, விரலுக்குத் தெரியாது. மிக்ஸ் செய்யும்போது 512-க்கோ 1024-க்கோ ஏற்று. உன் தோழி லாஜிக் என்ற இசைப்பதிவு மென்பொருள் வைத்திருக்கிறாளே, அதிலேயே ஒரு விண்டேஜ் எலெக்ட்ரிக் பியானோ இருக்கிறது. டெமோக்களை எல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார். அதைவிடத் தெளிவாக நன்றாக இல்லாத எதையும் வாங்காதே.

பாட்டு முடிந்ததும் மிடியை மட்டும் சேமித்துவிட்டுப் போய்விடாதே. எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்டோடு ஒன்று என இரண்டு ஆடியோவாக எடுத்து வை. லேப்டாப் மாற்றிய பிறகு அந்த ப்ளக்-இன் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எஃபெக்ட் இல்லாததை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை