ஆப்பசோடா சமையலறையிலேயே இருக்கட்டும்: கோடை முடிப் பிசுக்குக்கு ஓர் அறிவிப்பு

மாசி முடிந்து பங்குனி பிறக்கிறது. வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் பக்கத்து மேல்நிலைத் தொட்டிகளில் குழாய்த் தண்ணீர் குறைந்து, போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஏறத் தொடங்கும் நேரம் இது. இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் விடுதி நலவாழ்வு அறைக்கு ஒரே புகார் வரும்: "இப்பதான் மேடம் தலைக்குக் குளிச்சேன், எண்ணெய் வெச்ச மாதிரியே ஒட்டிக்கிட்டு இருக்கு." பெரும்பாலும் மெல்லிய முடிக்காரர்கள்தான் வருவார்கள். போன கோடையில் இந்தப் புகாரோடு நேரே வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டு அப்புறம் வந்தவர்கள்தான் முடியைக் கத்தரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கதை ஒவ்வொன்றிலும் ஆப்பசோடா இருந்தது.

ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்குச் சோடா போடாதீர்கள். ஆப்பசோடா வேண்டாம். சலவை சோடா வேண்டவே வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் திரவமும் வேண்டாம். எலுமிச்சையோடு குழைத்தாலும் வேண்டாம், ஷாம்புவில் ஒரே ஒரு சிட்டிகைதான் என்றாலும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது. அதைப் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு எழுந்து போனாலும் எனக்குச் சம்மதம்தான்.

இருப்பவர்களுக்கு: உங்கள் தலையில் இருப்பது பெரும்பாலும் எண்ணெயே இல்லை. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அறிய, கெய்சருக்குள்ளும் குழாய் வாயிலும் ஏறியிருக்கும் வெள்ளைப் படிவைப் பாருங்கள். இந்தத் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு மெழுகாகிவிடும். வாளி விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிறதே, அதேதான். எத்தனை முறை அலசினாலும் அது போகாது. தலைக்கும் உடம்புக்கும் ஒரே சோப்புக் கட்டியைத் தேய்க்கும் பையன்கள் இதைக் கவனிக்கவும்.

அதன்மேல் நாம் பூசுவது தனிக் கணக்கு. சீரத்தில் டைமெத்திகோன். 'டூ இன் ஒன்' ஷாம்புகளில் பாலிகுவாட்டர்னியம். அமோடைமெத்திகோன் என்று ஒன்று, சேதமான முடியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். முடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, இந்தப் பொருள்களில் டைமெத்திகோன் தவிர மற்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை, ஒட்டுகின்றன. தடித்த முடிக்கு அது பளபளப்பு. மெல்லிய முடிக்கு அது பாரம்: ஒரே எடைக்கு மேற்பரப்பு அதிகம், படிய இடம் அதிகம், தூக்கிப் பிடிக்கும் தெம்பு குறைவு. கடைசியில் உச்சியில் படிந்து, இழை இழையாகப் பிரிந்து, தலைத்தோல் தெரிய நிற்கிறது.

'நான் எல்லாம் இயற்கைதான்' என்று சொல்பவர்கள் தப்பித்ததாக நினைக்க வேண்டாம். வெந்தயமும் செம்பருத்தி இலையும் வழவழவென்று இருக்கிறதல்லவா, அந்தக் கொழகொழப்பு காய்ந்தால் படலமாகிவிடும். சீயக்காய் நல்ல பொருள், அதன் நுரைக்கும் சத்து அழுக்கை எடுக்கும். ஆனால் நன்றாகச் சலிக்காத சீயக்காய்த் தூளையோ அரப்புத் தூளையோ மெல்லிய முடியில் அப்பி, அரை வாளித் தண்ணீரில் அலசினால் துகள் உள்ளேயே தங்கும். வடிகட்டிய சாறாகப் போடுங்கள், தொல்லையில்லை. விளக்கெண்ணெய் இந்த மாதங்களில் தலைப்பக்கமே வர வேண்டாம். அது அவ்வளவு கெட்டி.

உங்களுடையது எந்த வகை? தலை காய்ந்ததும் நாலைந்து முடிகளை நகத்தால் வழித்துப் பாருங்கள். வெண்மையாக மெழுகு வந்தால் படிவு. முதல் நாள் நன்றாக இருந்து, மறுநாள் வேரில் மட்டும் எண்ணெய் ஏறினால் அது உங்கள் தலைத்தோலின் சொந்த எண்ணெய். அதற்குச் சாதாரண ஷாம்புவே போதும், இடைவெளியை மட்டும் குறையுங்கள். இன்னும் சந்தேகமா? கேன் தண்ணீரில் ஒரு முறை தலைக்குக் குளித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி தொட்டித் தண்ணீர்.

இனி செய்ய வேண்டியது. சீரம், ஜெல், வாக்ஸ், 'டூ இன் ஒன்' எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். எண்ணெயும் அப்படியே. கடையில் 'கிளாரிஃபையிங்' ஷாம்பு கேளுங்கள். பாட்டிலின் பின்பக்கம் படியுங்கள்: இ.டி.டி.ஏ. என்று முடியும் பெயர் இருக்க வேண்டும், டைமெத்திகோன் இருக்கக் கூடாது. கால்சியத்தைப் பிடித்து இழுப்பது அந்த இ.டி.டி.ஏ.தான். அது இல்லாத ஷாம்பு சீரத்தை எடுக்கும், உப்பை விட்டுவிடும். முடி காய்ந்திருக்கும்போதே சிக்கெடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக நனையுங்கள், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஷாம்புவை அரை மக் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். விரல் நுனியால் தேயுங்கள், நகத்தால் அல்ல. அலசுங்கள். மறுபடி போட்டு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அலசுங்கள், அலசியது போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் ஒரு நிமிடம். கடைசி ஒரு மக் மட்டும் கேன் தண்ணீர். கண்டிஷனர் காதுக்குக் கீழே, கொஞ்சமாக. துண்டால் ஒற்றுங்கள், முறுக்காதீர்கள். ஈர முடியைக் கொண்டை போட்டு பஸ் ஏறாதீர்கள்.

இந்தக் குளியல் வாரம் ஒரு முறை, அதுவும் போர் தண்ணீர் வீட்டில். மற்ற வீடுகளில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். மற்ற நாள்களில் வழக்கமான ஷாம்பு. ஒரே குளியலில் எல்லாம் போய்விடாது. மாதக்கணக்கில் ஏறியது இரண்டு மூன்று தடவையில்தான் இறங்கும். முதல் தடவைக்குப் பிறகும் லேசாக ஒட்டுகிறதே என்று பொறுமையிழக்கும் அந்த இடத்தில்தான் கை சமையலறை அலமாரிக்குப் போகிறது.

அங்கேதான் சொல்கிறேன், சோடா வேண்டாம்.

தலைத்தோலின் பி.எச். சுமார் 5.5. ஆப்பசோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும், சலவை சோடா 11 அளவுக்குப் போகும். இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. முடி வேர்க்காலிலிருந்து வரும்போதே தன்மேல் ஒரு மிக மெல்லிய கொழுப்பமிலப் பூச்சோடு வருகிறது. இழைக்கு இழை உரசாமல் வழுக்கிப் போவது அதனால்தான். காரம் அந்தப் பூச்சின் பிணைப்பை அறுக்கும், அடியில் உள்ள செதில்களை ஊதி எழுப்பும். அறுந்த பூச்சு அந்த முடிக்குத் திரும்பி வராது. புதிதாக வளரும் முடிக்குத்தான் உண்டு.

இதில் வஞ்சகம் என்னவென்றால், சோடா போட்ட அன்றைக்கு முடி புசுபுசுவென்று எழும்பி அழகாகவே இருக்கும். தோழிக்கும் சொல்லிக்கொடுப்பீர்கள். நாலாவது ஐந்தாவது குளியலில் முடி முடியோடு கொக்கி போடும், சீப்பு நுழையாது. சொரசொரப்பைச் சமாளிக்கச் சீரம் ஊற்றுவீர்கள். பூச்சு இழந்த முடியில் எதிர்மின்னூட்டம் கூடிவிட்டதால், அந்தச் சீரத்தில் அமோடைமெத்திகோன் இருந்தால் அது முன்பைவிட அழுத்தமாக ஒட்டும். பிசுக்கு திரும்பும். மறுபடி சோடா. பிசுக்கை எடுக்க வந்த சோடாவே பிசுக்கு ஒட்டும் இடத்தைத் தயார் செய்துவைக்கிறது. போன வருடம் பிடரியில் சடை விழுந்து வந்தவர்கள் எல்லோரும் இந்தச் சுற்றில்தான் மாட்டியிருந்தார்கள்.

எலுமிச்சை சேர்த்தால் பொங்குகிறதே, அழுக்கு கழல்கிறதே என்று கேட்பீர்கள். பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்க்கின்றன, அவ்வளவுதான். எது மிச்சமோ அது தலையில் இருக்கும், பெரும்பாலும் சோடாதான் மிச்சம். தனி எலுமிச்சைச் சாற்றை நெற்றியிலும் கழுத்திலும் வழியவிட்டு வெயிலில் நடந்தால் தோல் வெந்து கறுத்துப் போகும். அமிலம் வேண்டும் என்றே தோன்றினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, கடைசி அலசலுக்கு முன் ஊற்றுங்கள். அதுவும் தலையில் புண்ணோ கீறலோ இல்லாதவர்களுக்கு மட்டும்.

ஏற்கெனவே போட்டுவிட்டுச் சிக்காகிக் கிடக்கிறதா? வெந்நீர் ஊற்றாதீர்கள், இழுக்காதீர்கள். கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, நுனியிலிருந்து மேல் நோக்கி விரலால் பிரியுங்கள். பிரியாவிட்டால் கத்தரி எடுக்கும் முன் எங்களிடம் வாருங்கள்.

சில்லறை விஷயங்கள். தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்துத் தெளியவிட்டு எடுத்தால் கடினத்தன்மை ஓரளவு குறையும், முழுதும் போகாது. ஷவர் ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரினுக்கானவை, கால்சியத்தைத் தொடாது. அந்தக் காசுக்கு எத்தனையோ கேன் வாங்கலாம். தலையணை உறை வாரம் ஒரு முறை, ஹெல்மெட்டின் உள்துணியும் அப்படியே. சீப்பை இரவு ஊறவைத்துத் தேயுங்கள். அதற்குச் சோடா போடலாம், சீப்பு பிளாஸ்டிக். முடிக்குச் சாயம் போட்டவர்கள், ஸ்மூத்தனிங் செய்தவர்கள் இந்த ஷாம்பு போடும் முன் பார்லரில் ஒரு வார்த்தை கேளுங்கள், நிறமும் பூச்சும் சீக்கிரம் போகும்.

இரண்டு மூன்று குளியலுக்குப் பிறகும் மஞ்சள் செதிலும் அரிப்பும் சிவப்பும் இருந்தால் அது பொருளின் படிவு அல்ல. தலைத்தோலில் எல்லோருக்கும் வாழும் ஒரு பூஞ்சை எண்ணெயைத் தின்று பெருத்திருக்கலாம். அதற்கு மருந்து ஷாம்பு தனி. எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தி, தோல் மருத்துவரைப் பாருங்கள். திட்டுத் திட்டாக முடி கொட்டினாலும், நீர் வடிந்தாலும் மறுநாளே. எங்களிடம் வரும்போது, நீங்கள் போடும் ஷாம்பு, சீரம், எண்ணெய் பாட்டில்களைக் கையோடு கொண்டுவாருங்கள், பெயர் சொன்னால் போதாது, பின்பக்கம் படிக்க வேண்டும். சோடா போட்டிருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். திட்டுவேன், ஆனால் முடியைக் காப்பாற்ற அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.