கொழுப்பு கரைஞ்சு எங்கே போகுது? ஒரு மாஸ் பேலன்ஸ் கணக்கு

லீவுக்கு ஊருக்குப் போனா எல்லா அம்மாவும் "இளைச்சுட்டியே"ன்னு சொல்லுவாங்க. போன தடவை எங்க அம்மா, "அப்பா மாதிரியே தொப்பை வந்திருச்சேடா"ன்னு சொன்னாங்க. அப்பாவுக்கு 40 வயசுலயே சுகர். அந்த ஒரு வரி போதும்.

மறுநாளே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன், சோறே தொடல. பத்து நாள்ல 3 கிலோ குறைஞ்சுது. லேப்ல நிக்கும்போது தலை சுத்துச்சு. பழையபடி சாப்பிட்டதும் ஒரே வாரத்துல பாதிக்கு மேல திரும்பி வந்திருச்சு. ஏன்?

குறைஞ்சதுல பெரும்பகுதி தண்ணி. உடம்பு கிளைகோஜனைச் சேமிக்கும்போது, 1 கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணியையும் சேர்த்தே வைக்கும். பட்டினி கிடந்தா முதல்ல காலியாகுறது இதுதான்.

அப்போ கொழுப்பு? அது வியர்வையாவோ வெப்பமாவோ மாறிடாது. ஆக்ஸிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடாவும் நீராவும் மாறுது. 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா சுமார் 8.4 கிலோ மூச்சுக்காத்தா வெளியே போகும், மீதி 1.6 கிலோ தண்ணி.

இப்போ எனர்ஜி கணக்கு. உடம்புக் கொழுப்பு 1 கிலோவுல ஏறத்தாழ 7,700 கலோரி. தினமும் 300 கலோரி பற்றாக்குறை வெச்சா, 1 கிலோ குறைய 26 நாள். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமா நடந்தா சுமார் 250 கலோரி செலவாகும். ஒரு பரோட்டா கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அதனால நடை மட்டும் போதாது, தட்டையும் கவனிக்கணும்.

நான் இப்போ செய்றது:

1. மெஸ்ல மூணு வேளையும் சாப்பிடுறேன். சோறு ஒரு கரண்டி குறைவு. காய், சுண்டல், முட்டை கூட. டீக்குச் சர்க்கரை இல்ல.

2. நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் விளையுற வரகு நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனா கலோரியில அரிசிக்குப் பெரிய வித்தியாசமில்ல. வரகுப் பொங்கல்னு நெய்யை ஊத்தினா கணக்கு கெட்டுடும்.

3. வாரம் 5 நாள், 30 நிமிஷம் நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்ற குறைந்தபட்சம் 150 நிமிஷம் இதுலயே வந்திரும். 2023 நவம்பர்ல தொடங்கின 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கு.

4. வாரம் 2 நாள் தண்டால், பஸ்கி. இல்லேன்னா கொழுப்போட தசையும் கரையும். வயித்துக்கு மட்டும் பயிற்சி செஞ்சா வயித்துக் கொழுப்பு மட்டும் தனியா குறையாது.

எடை மெஷினை விட இஞ்சி டேப்பை நம்புங்க. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினா எச்சரிக்கை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுக்குள்ள பெண்கள்ல 40 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேர் அதிக எடை. ஏற்கனவே சுகர், தைராய்டு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

மூணு மாசத்துல எனக்குக் குறைஞ்சது 3 கிலோதான். ஆனா இன்னும் திரும்பி வரல. இப்போ லீவுக்குப் போனா, சாயங்காலம் அப்பாவும் கூட நடக்க வர்றார்.