மூக்கை நம்பலாமா?

1969இல் தொடங்கிய சபுகஸ்கந்த நிலையம்தான் நம் நாட்டின் ஒரேயொரு எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம். 2011இல் மன்னார்க் கடலுக்கடியிலும் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி என நம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்களும் பலர். ஆகவே இத்தொழிலின் ஆபத்தை அறிவது நமக்கும் தேவை.

நெருப்பைக் கண்ணால் காணலாம். காணமுடியாத எதிரி ஐதரசன் சல்பைட்டு. மசகு எண்ணெயிலுள்ள கந்தகத்தை நீக்கும்போது இவ்வாயு பெருமளவில் உண்டாகிறது. இது நிறமற்றது; வளியைவிடப் பாரமானது. அதனால் குழிகளிலும் தாங்கிகளின் அடியிலும் தேங்கி நிற்கும்.

மிகச் சிறிய அளவிலேயே இது அழுகிய முட்டைபோல நாறும். ஆனால் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் நம் மணக்கும் உணர்வு மரத்துவிடும். நாற்றம் போனது, ஆபத்தும் போனது என்று தோன்றும். உண்மையில் ஆபத்து கூடியிருக்கும். 700 பங்கைத் தாண்டினால் சில மூச்சுகளிலேயே மயங்கி விழ நேரிடும்.

வளைகுடாவில் இவ்வேலை பார்க்கும் என் மாமாவிடம் பாதுகாப்பு முறைகளைக் கேட்டேன். "சட்டையில் கேஸ் மீற்றர் இல்லாமல் உள்ளே விடமாட்டாங்க மகள். தாங்கிக்குள் இறங்குவதென்றால் எழுத்தில் அனுமதி வேணும். முதலில் கருவியால் வாயுவை அளப்பாங்க. வெளியில் ஒருவர் காவல் நிற்பார்" என்றார்.

அந்தக் காவலருக்குரிய கட்டளைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் பின்னால் குதிக்கக் கூடாது. அபாய ஒலி எழுப்பி, சுவாசக் கருவி அணிந்த மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். கேட்க இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இத்தகைய விபத்துகளில் காப்பாற்ற ஓடியவர்களே அடுத்தடுத்துப் பலியாகிறார்கள்.

இந்தப் பாடம் நம் வீட்டுக் கிணற்றுக்கும் பொருந்தும். கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் நீரிறைக்கும் இயந்திரத்தின் புகையில் காபனோரொட்சைட்டு உண்டு. அதற்கு மணமே இல்லை. இறைக்க இறங்கிய வாப்பா மயங்கினால், நானாவும் பதறி இறங்குவது இயல்பு. அவரைத் தடுத்து நிறுத்துங்கள், அயலவரைக் கூவியழையுங்கள், 1990க்கு அழையுங்கள். அந்த ஒரு நிமிட நிதானம், வீட்டில் இரண்டாவது ஜனாஸா எழாமல் காக்கும்.