தாம்பரம் பக்கம் வாடகை வீடா? முதல்ல அட்வான்ஸ் கணக்கைப் போடுங்க

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்னு வீடு தேடும்போது எல்லாரும் வாடகையைத்தான் ஒப்பிடுறாங்க. அட்வான்ஸ் திரும்பி வர்ற பணம்தானேன்னு விட்டுடுறாங்க. அந்தப் பணம் உங்களுக்கு எங்கிருந்து வருதுங்கிறதைப் பொறுத்துதான் எந்த வீடு மலிவுன்னே முடிவாகும்.

உதாரணத்துக்கு, குரோம்பேட்டையில ஒரு வீடு: வாடகை 16,000, அட்வான்ஸ் 10 மாசம், அதாவது 1,60,000. சேலையூர்ல இன்னொரு வீடு: வாடகை 17,000, அட்வான்ஸ் 3 மாசம், 51,000. அட்வான்ஸ்ல வித்தியாசம் 1,09,000.

இந்த 1,09,000 உங்க எஃப்.டி.யில 7 சதவீதத்துக்குக் கிடந்த பணம்னா, இழக்கிற வட்டி மாசம் சுமார் 636 ரூபாய். வாடகையில 1,000 மிச்சம். குரோம்பேட்டை வீடே லாபம்.

அதையே 14 சதவீத பர்சனல் லோன்ல எடுத்தா? முதல் மாச வட்டியே சுமார் 1,270. மூணு வருஷ லோனுக்கு இ.எம்.ஐ. சுமார் 3,725. வாடகையோட சேர்த்து மாசம் 19,725 கையை விட்டுப் போகும். புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க சிக்குறது இங்கதான்.

"சட்டப்படி 3 மாசம்தானே சார் வாங்கணும்?"னு நிறைய பேர் கேட்கறீங்க. 2019-ல அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது, ஆனா 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்'னு ஒரு கதவைத் திறந்து வச்சிருக்கு. 10 மாசம்னு எழுதின அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. பேரம் கையெழுத்துக்கு முன்னாடி.

எப்படிப் பேசுறது? 16,000 வாடகை வீட்டுல அட்வான்ஸை 10-லிருந்து 5 மாசமா குறைக்கச் சொல்லுங்க, பதிலா வாடகையில 500 கூடத் தர்றேன்னு சொல்லுங்க. ஓனர் கைக்கு வராத 80,000-க்கு 7 சதவீத வட்டி மாசம் 467 தான், அவருக்கு நஷ்டமில்ல. லோன் எடுக்கிற உங்களுக்கு அந்த 80,000-க்கு ஆரம்பத்துல மாசம் 933 வட்டி மிச்சம். சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறவங்க இந்த 500-ஐத் தர வேண்டாம்.

சில ஓனர்கள் ஒத்துக்க மாட்டாங்க. காரணம், பழைய குடித்தனக்காரருக்குத் திருப்பித் தர வேண்டிய பணமே உங்க அட்வான்ஸ்லதான் வரணும். நீங்க காலி பண்ணும்போதும் "புது ஆள் வரட்டும், தர்றேன்"னு கேட்பீங்க. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பாக்கியைக் கழிச்சுட்டுத் தரணும்னு சட்டத்துல இருக்கு; அதை அக்ரிமென்ட்லயும் எழுத வைங்க. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னும் தொகையா எழுதுங்க. அட்வான்ஸை பேங்க் டிரான்ஸ்ஃபர்லயே கொடுங்க. 11 மாச அக்ரிமென்ட்டுக்கு வாடகை ஆணையத்துல பதிவு தேவையில்லன்னு சொன்னா நம்பாதீங்க, தேவை.

இ.பி. தனி கனெக்‌ஷனா, சப் மீட்டரான்னு கேளுங்க. சப் மீட்டர்னா யூனிட்டுக்கு ஓனர் சொல்றதுதான் ரேட். ரெண்டு மாசத்துக்கான 100 இலவச யூனிட் உங்களுக்கு வருமாங்கிறது சந்தேகம். கோடையில தண்ணி லாரி காசு யார் தலையிலன்னும் கேட்டுடுங்க.

ஹெச்.ஆர்.ஏ. கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினா ஓனரோட பான் நம்பரை ஆபீஸ்ல கொடுக்கணும். பான் தர மாட்டேன்னு சொல்ற ஓனரா இருந்தா, அந்த வரிச் சலுகை போகிற தொகையையும் வாடகையோட கூட்டிப் பாருங்க.