சைலன்சர் துரு: ஐப்பசிக்கு முன் பார்க்க வேண்டியவை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. வருஷத்தில் முக்கால்வாசி வெயில்தான். இருந்தும் இங்கே ஓடும் பழைய 407, லேலண்டு வண்டிகளின் சைலன்சர் செங்காவி நிறத்தில்தான் இருக்கிறது. மழையைக் குற்றம் சொல்வதற்கில்லை. உப்புத்தண்ணீரும், லோடு இல்லாமல் வண்டி சும்மா நிற்பதும்தான் பெரும்பாலும் காரணம். புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கி, வண்டி நன்றாக ஆறிய பிறகு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

1. எஞ்சினை ஒட்டியிருக்கும் மேனிஃபோல்டு கனத்த வார்ப்பிரும்பு. புது வண்டியிலேயே சீக்கிரம் சிவந்துவிடும். அது மேல்தோல் துரு. அப்படியே கிடந்தாலும் கெடுதல் இல்லை. தேய்த்துப் பளபளப்பாக்குவது வெட்டி வேலை. விரிசலோ, இணைப்பில் கரிப்புகைத் தடமோ தெரிந்தால் மட்டும் பட்டறைக்குப் போங்கள்.

2. பயப்பட வேண்டியது உள்ளேயிருந்து வரும் துருவுக்குத்தான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் புகையோடு போகிறது. சைலன்சர் முழுக்கச் சூடேறினால் அது வெளியே போய்விடும். சூடேறாவிட்டால் டப்பாவின் அடியில் தேங்கும். டீசலில் இருந்த கந்தகமும் அதோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 டீசல் வந்தபின் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. ஆனால் அதற்கு முன் தின்றது தின்றதுதான். நிற்கிற வண்டியைத் தினமும் காலையில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது பலருக்குப் பழக்கம். சைலன்சருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அதற்குப் பதில் வாரம் ஒருமுறை பந்தல்குடி வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

3. சின்னச் சுத்தியலால் டப்பாவின் அடிப்பக்கத்தையும் மடிப்புகளையும் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகடு திடமாக இருக்கிறது. பொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ தகடு மெலிந்துவிட்டது. அதன்மேல் எந்தப் பூச்சும் நிற்காது.

4. டப்பாவின் அடியில் ஊசித் துளை ஒன்று இருந்தால் ஓட்டை என்று அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே சில சைலன்சர்களில் விட்ட துளை அது. மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள்.

5. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் பல ஊர்களில் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பு தகட்டிலேயே தங்கிவிடும். கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீரோ கண்மாய்த் தண்ணீரோ வேண்டும். சூடாக இருக்கும் மேனிஃபோல்டில் தண்ணீரை வீசாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

6. தூத்துக்குடிச் சாலையில் உப்பு லோடு அடிப்பவர்கள் ஊர் திரும்பிய அன்றே அடிப்பாகத்தை அலசிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது. மழைக்காலத்தில் அப்பிக்கொள்ளும் கரிசல் மண்ணும் இப்படித்தான். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுரண்டி எடுங்கள்.

7. தகடு திடமாக இருந்தால் பெயின்ட் அடிக்கலாம். முதலில் கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், கடைசியில் எண்ணெய்ப்பசை போகத் தின்னர் துணி. மூக்கையும் கண்ணையும் மறைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத்தில் அலுமினியப் பூச்சோடு வந்த சைலன்சர் என்றால் துருப்பிடித்த இடத்தை மட்டும் தேயுங்கள்; நல்ல பூச்சை நீங்களே உரித்துவிட வேண்டாம். ரெட் ஆக்சைடு பிரைமர் இங்கே உதவாது, சூட்டில் கருகி உரியும். பெயின்ட் டப்பாவின் மேல் 600 டிகிரி என்று போட்ட வெப்பம் தாங்கும் பெயின்டை நேரடியாக, மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். காய்ந்ததும் எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், மறுபடி அரை மணி ஓடவிடுங்கள். சூடு ஏறித்தான் அந்தப் பெயின்ட் இறுகும். ஆடிக்காற்றில் இந்த வேலையே வேண்டாம், தூசிதான் ஒட்டும்.

8. இறுகிப்போன நட்டுகளுக்கு முதல்நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயோ டீசலோ விட்டு ஊறவையுங்கள். காலையில் முதலில் கொஞ்சம் முடுக்கி, பிறகு கழற்றுங்கள். புது போல்ட் போடும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த தடவை சண்டை இருக்காது.

9. கழிவு ஆயில் பூசினால் துரு வராது என்பார்கள். சேஸிஸுக்கு அது எப்படியோ, சைலன்சருக்குக் கூடாது. புகையும், தீயும் பிடிக்கலாம்.

10. அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட உளுந்துச் செடி, கம்பந்தட்டை மேல் ஓட்டிவந்தால், அடுத்த நிழலில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். சைலன்சரிலும் கிளாம்பிலும் சிக்கிய தட்டை எரிந்தால் வண்டியே போய்விடும்.

11. ஓட்டை சந்தேகம் இருந்தால், ஆறிய எஞ்சினை வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் புகைக்குழாய் வாயை ஈரத்துணியால் சற்றே அழுத்திப் பிடிக்க, மற்றவர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட வேண்டும். குமிழி வரும் இடம் ஓட்டை. கேபினுக்கு அடியில் என்றால் அன்றே சரிசெய்யுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வண்டிக்குள் படுத்துத் தூங்கும் டிரைவருக்கு உயிர் ஆபத்து.

12. வெல்டிங் வைக்குமுன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கரிமூட்டை, பஞ்சு, வைக்கோல் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. ஒட்டுப்போட ஜி.ஐ. பைப் துண்டை எடுக்க விடாதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும்.

13. எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்ட வேண்டும். மெலிந்த தகட்டில் அலுமினிய பெயின்ட் அடித்துக் கொண்டுபோனால் அந்த ஒருநாள் ஓடிவிடும். ஒட்டுக்குமேல் ஒட்டுப்போடும் கூலியைக் கணக்குப் பார்த்தால் புது சைலன்சர்தான் மலிவு.

14. இவ்வளவும் பழைய வண்டிக்கு. பி.எஸ்.6 லாரியின் புகைக்குழாயில் வடிகட்டியும் சென்சாரும் இருக்கின்றன. அங்கே சுத்தியலும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். சர்வீஸ் சென்டரில் விடுங்கள்.